பனியன் கம்பெனியில் யாருக்கு என்ன தெரியும்? திறன் இடைவெளியும் ஆளுக்கேற்ற பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் 50, 60 பேர் வேலை பார்க்கும் சிறிய பனியன் கம்பெனிகளில் முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வேறு தொழிலில் இருப்பவர்கள் ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் மெஷின்) என்று வரும் இடங்களில் தங்கள் மெஷினை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

லைனில் உற்பத்தி குறைகிறது. உடனே ஒரு பயிற்சி வகுப்பு வைத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். குறைவது திறமைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பயிற்சித் துறையில் பெயர்பெற்ற அமெரிக்கர் ராபர்ட் மேகர் இதற்கு ஒரு முரட்டுக் கேள்வி வைத்திருந்தார்: உயிர் போகும் என்ற நிலை வந்தால் அந்த ஆள் அந்த வேலையைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்கு வேலை தெரியும், தடை வேறெங்கோ இருக்கிறது. அப்போதும் முடியாது என்றால்தான் பயிற்சி.

நான் பார்த்த ஒரு கதை. சைடு தைக்கும் ஓர் அக்காவின் பீஸ்களில் தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். "இவங்களுக்கு டிரெயினிங் குடுங்க" என்று பெயரை எழுதிவிட்டார்கள். பக்கத்து மெஷினில் உட்கார வைத்து அதே துணியில் 10 பீஸ் தைக்கச் சொன்னோம். ஒரு ஓட்டை இல்லை. அவருடைய மெஷினில் மாட்டியிருந்தது கூர்முனை ஊசி. பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், கூர்முனை போட்டால் நூலை அறுத்துவிடும். ஊசியை மாற்றியதோடு விஷயம் முடிந்தது. திறன் இடைவெளி இருந்தது உண்மைதான், ஊசி மாட்டிய இடத்தில்.

பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) தாமதமாக வருவது, கட்டிங்கில் அளவு தவறுவது, மெஷின் அடிக்கடி நிற்பது, பீஸ் ரேட் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) கட்டுப்படியாகாமல் மனசு விட்டுப்போவது எல்லாமே "ஆளுக்கு வேலை தெரியவில்லை" என்ற வேஷத்தில்தான் வரும். இவற்றைக் கழித்துவிட்டால் பயிற்சிப் பட்டியல் நன்றாகச் சுருங்கிவிடும்.

திறன் இடைவெளி என்றால் சரியாக என்ன?

இந்த வேலைக்கு இவ்வளவு வேண்டும், இந்த ஆளிடம் இவ்வளவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். "நல்ல டெய்லர்", "சுமாரான டெய்லர்" என்று பேசிக்கொண்டிருக்கும் வரை அந்தத் தூரம் கண்ணுக்குப் படாது. ஒரு டி-சர்ட்டில் ஷோல்டர் சேர்ப்பு, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டை), கழுத்து டேப், கை ஏற்றுவது, சைடு, கை மடிப்பு, அடி மடிப்பு, லேபிள் என்று வேலை உடைந்து கிடக்கிறது. சைடு பறக்கப் பறக்கத் தைப்பவர் கழுத்து ரிப்பில் தடுமாறலாம். ஆகவே ஆளுக்கு ஒரு மதிப்பெண் என்று போடாமல், ஆளும் வேலையும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் போட வேண்டும்.

சரி, எதை வைத்து அளப்பது?

ஸ்டாப்வாட்ச், செக்கிங் டேபிள், உங்கள் கண். இந்த மூன்றும் போதும்.

ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) ஆட்கள் ஒரு திட்ட நேரம் வைத்திருப்பார்கள். எஸ்.ஏ.எம். என்பார்கள். கழுத்து ரிப்புக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 பீஸ். இப்போது மூன்று பேரைக் கற்பனை செய்யுங்கள். முதல் ஆள் மணிக்கு 110 தைக்கிறார், நூற்றுக்கு 2 ஆல்டர் (திருத்தச் சொல்லித் திரும்பும் பீஸ்) வருகிறது. இரண்டாம் ஆள் 70தான் தைக்கிறார், ஆல்டர் அநேகமாக இல்லை. மூன்றாம் ஆள் 115 தைக்கிறார், ஆனால் நூற்றுக்கு 9 திரும்பி வருகிறது.

உற்பத்தி நோட்டை மட்டும் பார்த்தால் இரண்டாம் ஆள்தான் பிரச்சினை. செக்கிங் நோட்டை மட்டும் பார்த்தால் மூன்றாம் ஆள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இருவருக்கும் பயிற்சி வேண்டும், ஆனால் ஒரே பயிற்சி இல்லை என்பது தெரியும்.

இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். இரண்டாம் ஆளின் பக்கத்தில் நின்று 10 பீஸுக்கு நேரம் எடுங்கள். ஊசி ஓடும் நேரத்தைத் தனியாக, துணியை எடுப்பது, பொருத்துவது, வைப்பது எல்லாவற்றையும் தனியாக எழுதுங்கள். முதல் ஆளுக்கு 14 நொடி தையல், 16 நொடி கையாளல் என்று வருகிறது. இரண்டாம் ஆளுக்கு 16 நொடி தையல், 30 நொடி கையாளல். மெஷினை மிதிக்கும் காலில் குறை இல்லை, துணியைப் பிடிக்கும் கையில்தான் இருக்கிறது. கழுத்து ரிப்பை நான்காக மடித்து, அந்த நான்கு இடத்தையும் முன் நடு, பின் நடு, இரண்டு ஷோல்டர் தையல் ஆகியவற்றோடு பொருத்த வேண்டும். அவர் ஒவ்வொரு பீஸிலும் அந்த நாலாம் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறார். "வேகமாத் தைங்க" என்று நாள் முழுக்கக் கத்தினாலும் இது சரியாகாது. பொருத்துவதை மட்டும் தனியாகப் பழக்கினால் சரியாகும்.

எடுத்த நேரத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஸ்டாப்வாட்சைப் பார்த்தாலே சிலருக்குக் கை நடுங்கும். முதல் ஐந்து பீஸை எண்ணாமல் விட்டுவிடுவது என் வழக்கம்.

லைன் முழுவதன் நிலையை ஒரு எண்ணில் பார்க்க வழி உண்டா?

உண்டு. முடிந்த பீஸை எஸ்.ஏ.எம்.மால் பெருக்கி, ஆள் எண்ணிக்கையை வேலை நிமிடத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 10 பேர், 480 நிமிட ஷிப்ட், ஒரு பீஸுக்கு 8 நிமிடம், அன்று 360 பீஸ் என்றால் 2880ஐ 4800ஆல் வகுக்க 60 சதவீதம். முதலாளிக்கு இது பிடிக்கும். பயிற்சிக்கு இது அவ்வளவாக உதவாது, ஏனென்றால் இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

சூப்பர்வைசருக்கு எல்லாரையும் தெரியும். அவரே மதிப்பெண் போட்டால் போதாதா?

தெரியும்தான். யார் லீவு போடுவதில்லை, யார் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அது மதிப்பெண்ணில் கலந்துவிடும். 0 முதல் 4 வரை போடச் சொன்னால், பேசாமல் வேலை பார்ப்பவருக்கு எல்லாக் கட்டத்திலும் 3 விழுந்திருக்கும், வாய் பேசுபவருக்கு எல்லாவற்றிலும் 2.

சூப்பர்வைசர் ஒரு தாளில், செக்கிங் அக்கா ஒரு தாளில், அந்த ஆபரேட்டரே ஒரு தாளில், மூவரும் தனித்தனியாகப் போடட்டும். மூன்றும் ஒத்துப்போகும் கட்டங்களை விட்டுவிடலாம். ஒத்துப்போகாத கட்டங்களில் மட்டும் பீஸைத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். நேரமும் மிச்சம், சண்டையும் குறைவு. ஒரு முறை ஒரு பையன் பிளாட்லாக்கில் (மடிப்புகள் தைக்கும் மெஷின்) தனக்கு 4 போட்டிருந்தான், சூப்பர்வைசர் 0 போட்டிருந்தார். கேட்டால், முந்தைய கம்பெனியில் மூன்று வருடம் அதே வேலை, இங்கே வந்தபிறகு யாரும் அந்த மெஷினில் உட்கார வைக்கவில்லை. "யாரும் கேக்கவே இல்லைங்க" என்றான். அந்த மாதம்தான் பிளாட்லாக் ஆள் கிடைக்கவில்லை என்று வெளியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கில் மேட்ரிக்ஸ் எப்படிப் போடுவது?

சார்ட் பேப்பரில் இடப்பக்கம் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம், அதை நான்காகப் பிரியுங்கள். ஒன்றும் நிரப்பாவிட்டால் தெரியாது. கால் வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார். அரை வட்டம், தனியாகத் தரத்தோடு செய்வார். முக்கால், இலக்கு வேகத்திலும் செய்வார். முழு வட்டம், இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பார்.

பெரும்பாலும் இதை வரிசை வரிசையாக, ஆளாளாகத்தான் படிக்கிறார்கள். மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும். கழுத்து டேப்புக்கு நேரே முக்கால் வட்டம் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால், அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உங்கள் லைன் நிற்கும். பீகார்த் தொழிலாளர்கள் தீபாவளி முடிந்து சத் பூஜைக்கு ஊர் போவார்கள், நம்மவர்கள் பொங்கலுக்குப் போவார்கள். அந்த வாரங்களை மனத்தில் வைத்து மேட்ரிக்ஸை ஒருமுறை பாருங்கள், யாருக்கு எதைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதில் பாதி தானாகவே தெரிந்துவிடும்.

எல்லாரும் எல்லாவற்றிலும் முழு வட்டம் ஆக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மூன்று பேர், ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மூன்று ஆபரேஷன், சிறு கம்பெனிக்கு இது தாராளம்.

மதிப்பீடு என்றாலே வேலையை விட்டுத் தூக்கத்தான் என்று பயப்படுகிறார்களே?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் நடந்ததும் அதுதான். இந்தத் தாளை வைத்து யாருடைய கூலியையும் குறைக்கமாட்டோம், யாரையும் நிறுத்தமாட்டோம் என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருமுறை மீறினால் அடுத்த முறை கிடைப்பதெல்லாம் பொய்க் கணக்குதான்.

இன்னொன்றை முதலாளிகள் மறந்துவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்குப் பயிற்சி நேரம் என்பது காசு போகிற நேரம். அரைமணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் அரைமணிக் கூலி போச்சு. அப்புறம் எப்படி ஆர்வம் வரும்? கடைசி நான்கு வாரச் சராசரியை எடுத்து, பயிற்சி நேரத்துக்கு அந்தக் கணக்கில் கூலி கொடுங்கள். புது ஆபரேஷனுக்கு மாற்றினால் வேகம் வரும் வரை அதே சராசரி. இதைச் செய்ய மனமில்லை என்றால் பயிற்சியே வைக்க வேண்டாம் என்பேன்.

ஆளுக்கேற்ற பயிற்சி என்றால் 60 பேருக்கு 60 பாடமா?

இல்லை. இடைவெளிகள் அவ்வளவு விதமாக இருக்காது. 60 பேரைப் பார்த்தால் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுவார்கள். பாடம் ஏழெட்டு, ஆனால் யாருக்கு எந்தப் பாடம், எந்த இடத்தில் தொடங்குவது, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மேலே சொன்ன இரண்டாம் ஆளுக்குத் தினம் 20 நிமிடம், மெஷினை ஓட்டாமலே ரிப்பைப் பொருத்தும் பழக்கம் மட்டும். மூன்றாம் ஆளுக்கு அவருடைய ஆல்டர் பீஸ்களையே ஒரு வாரம் சேர்த்து வைத்து, தினமும் 10 நிமிடம் அவரையே பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்தத் தவறு எத்தனை முறை என்று அவரே எண்ணட்டும். ஷோல்டர் தையலுக்கு மேலே வரும் இடத்தில் ரிப் இழுபடுகிறது என்பதை அவரே கண்டுபிடிப்பார். முதல் ஆளுக்குத் தையலில் பயிற்சி வேண்டாம். பிறருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தால் முழு வட்டம் ஆகிவிடுவார்.

இடையில் ஒரு விஷயம். சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அதற்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்த வேண்டும் என்று வகுப்பு எடுப்பவர்கள் வருவார்கள். 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்தக் கருத்துக்கான ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதால் பலன் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ரிப் பொருத்துவதை யாராக இருந்தாலும் பார்த்து, கையால் செய்துதான் கற்க வேண்டும்.

மெஷின் பக்கத்தில் வைத்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இதற்கு நூறு வருடப் பழைய வழி ஒன்று இருக்கிறது, அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் கப்பல் கட்ட ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அப்போது சார்லஸ் ஆலன் என்பவர் கற்பித்தலை நான்கு படிகளாகப் பிரித்தார். 1940இல் இரண்டாம் உலகப் போருக்காக அங்கே தொடங்கிய தொழிற்சாலைப் பயிற்சித் திட்டம் அதையே எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்த முறை ஜப்பானுக்குப் போனது.

முதலில் ஆளைத் தயார்ப்படுத்துவது: பதற்றம் போக்கி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு செய்து காட்டுவது. மூன்று முறை காட்ட வேண்டும், முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, அடுத்த முறை எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்று சொல்லி, மூன்றாம் முறை ஏன் என்ற காரணத்தையும் சொல்லி. மூன்றாவது, அவர் செய்ய நாம் பார்ப்பது. அவர் கை செய்யும்போதே வாயும் சொல்ல வேண்டும். நான்காவது, தனியாக விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பது, பிறகு போவதைக் குறைப்பது.

நம் இடங்களில் நடப்பது இரண்டாம் படியில் பாதி. "இங்க பாருங்கக்கா, இப்பிடித்தான்" என்று சர்ரென்று ஒரு பீஸ் தைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல டெய்லரின் கை ஓடும் வேகத்தில் ஒன்றும் கண்ணில் படாது. அந்த அமெரிக்கத் திட்டத்தின் வாசகம் ஒன்று உண்டு: கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை. நான் பேசும் சூப்பர்வைசர்களுக்கு இது பிடிப்பதில்லை.

தமிழ் தெரியாதவர்களுக்கு?

ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். நல்லவேளையாக ஓவர்லாக், லூப்பர், பண்டில், டென்ஷன் எல்லாருக்கும் ஒரே சொல்தான். சிக்கல் "ஏன்" என்பதைச் சொல்லும்போது வரும். அதே மொழி பேசும் முழு வட்டத்துக்காரர் ஒருவரைக் கூட வையுங்கள், அதற்கு அவருக்கு ஏதாவது கொடுங்கள். நல்ல கையை மேலிருந்து போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினால் பேச்சே தேவைப்படாது. தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைப்பது ஆடிட்டுக்கு உதவும், அவருக்கு உதவாது.

முதலில் வேகமா, தரமா?

தரம். கெட்ட பழக்கத்தோடு வந்த வேகத்தைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

சூப்பர்வைசருக்கும் பயிற்சி வேண்டுமா?

அவரிடமிருந்தே தொடங்கலாம். இருப்பதிலேயே நன்றாகத் தைப்பவரைச் சூப்பர்வைசர் ஆக்குவது இங்கே வழக்கம். அன்றிலிருந்து அவர் செய்ய வேண்டியது வேறு: ஆள் குறைந்தால் லைனை மாற்றி அமைப்பது, எந்த இடத்தில் பீஸ் தேங்குகிறது என்று பார்ப்பது, தவறைச் சத்தம் போடாமல் சொல்வது. இவற்றில் எதையும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கும் மேட்ரிக்ஸில் ஒரு வரி போடுங்கள். கூடவே, பெண்கள் வேலை செய்யும் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும், பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி தருவதும் நிர்வாகத்தின் கடமை.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு நிலைகள் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, கம்பெனிக்கு அதனால் என்ன ஆயிற்று. நம்மில் பலர் முதல் நிலையோடு நின்றுவிடுகிறோம். டீயும் வடையும் நன்றாக இருந்தால் அந்த நிலையில் எல்லாப் பயிற்சியும் தேறிவிடும்.

எனக்கு மூன்றாம் நிலைதான் முக்கியம். பயிற்சிக்கு முன் எடுத்த அதே அளவுகளை ஒரு வாரம் கழித்தும் நான்கு வாரம் கழித்தும் எடுங்கள். ஒரு வாரத்தில் ஏறியது நான்காம் வாரம் இறங்கியிருக்கலாம். கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எப்பிங்கவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். இடையிடையே ஐந்து நிமிடம் நினைவூட்டினால் அந்த இறக்கம் குறையும். இதே காலத்தில் பயிற்சி பெறாத ஓரிருவரின் எண்களையும் பாருங்கள். அவர்களுடையதும் ஏறியிருந்தால், காரணம் உங்கள் பயிற்சியாக இருக்காது, தைக்க எளிய ஸ்டைல் (ஆடை மாடல்) வந்ததாக இருக்கும்.

அரசு உதவி ஏதாவது உண்டா?

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் அதன் விதிகளும் ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் பழகுநர்களை எடுக்கச் சொல்கின்றன. 2019 திருத்தத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் என்று வைத்தார்கள். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016இல் வந்தது. ஜவுளி அமைச்சகத்தின் சமர்த் திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகள் ஆகியவையும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் தைத்தவர்களுக்கு, இருக்கும் திறமையைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் இருக்கிறது. தொகையும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டங்கள் புது ஆட்களை உருவாக்குவதில்தான் அதிகம் உதவுகின்றன. உங்கள் லைனில் ஏற்கெனவே இருப்பவரின் நாலாம் புள்ளிப் பிரச்சினையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கற்றுக் கொடுத்ததும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்களே?

போவார்கள், சிலர். பீஸுக்குப் பத்துப் பைசா கூடக் கிடைத்தால் போகத்தான் செய்வார்கள், நாமும் அப்படி ஆள் எடுத்தவர்கள்தான். இரண்டு ஆபரேஷன் தெரிந்தவருக்கும் நான்கு தெரிந்தவருக்கும் ஒரே ரேட் கொடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் பொருள் இல்லை. மேட்ரிக்ஸில் ஒரு வட்டம் நிரம்பினால் எவ்வளவு ஏறும் என்பதைச் சார்ட்டின் அடியிலேயே எழுதி ஒட்டிய கம்பெனி ஒன்றைப் பார்த்தேன். அங்கே ஆபரேட்டர்களே வந்து "எனக்கு அடுத்து பிளாட்லாக் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார்கள்.

இதற்குச் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

60 பேருக்கு வேண்டாம். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். சார்ட்டைக் கேபினுக்குள் ஒட்டாமல் லைன் பக்கத்தில் ஒட்டுங்கள், மூலையில் தேதி போடுங்கள். ஸ்டைல் மாறும்போதெல்லாம், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதுத் தாள். போன மாதம் ஒரு கம்பெனியில் மேட்ரிக்ஸ் அழகாகப் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். அதில் இருந்த 22 பேரில் 9 பேர் அங்கே வேலையிலேயே இல்லை.